பதினைந்து மீட்டர் மறுபடி திறந்துவிட்டது

அண்ணா,

ரேடியோ ரிசீவர் சூடேறும்போது வால்வின் மேல் படிந்த தூசி கருகி ஒரு வாடை வருமே, போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது மூக்கை விட்டுப் போவதற்குள் ஆப்பிரிக்கா வந்துவிட்டது. ஒரு நிலையமல்ல, வரிசையாக. நைரோபிக்காரர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பதுபோலக் காதைப் பிளந்தார். வருடக்கணக்காக வெறும் இரைச்சலைத் தவிர எதுவும் தராத பதினைந்து மீட்டர் அலைவரிசை, நீ ‘பேண்டு’ என்பாயே அது, மறுபடி திறந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். உன் கல்லறையில் ஒரே ஒரு கல்லறைத் திருநாளுக்குத்தான் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். சூரியனுக்கு இப்போதுதான் நேரம் வாய்த்ததா?

நம் டிரான்ஸ்மிட்டரின் சக்தி ஐந்து வாட். சைக்கிள் விளக்குக்குக் கொஞ்சம் தேவலை என்று நீயே கேலி செய்வாய். சூரியனில் கரும்புள்ளிகள் மலிந்த வருடங்களில் வானத்தின் உயர அடுக்கு அந்த ஐந்து வாட்டையும் மடக்கி, கடல் தாண்டி இறக்கிவிடும். புள்ளிகள் குறைந்துவிட்டால் அதே அலை திரும்பாமல் மேலேயே போய்விடும். பதினோரு வருடத்துக்கு ஒரு முறை இந்த ஏற்ற இறக்கம். பெரிய டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள் எப்படியாவது சமாளிப்பார்கள், நாம் சூரியனை நம்பிப் பிழைத்தவர்கள்.

மோர்ஸை ஒன்றாகத்தான் கற்றோம், புள்ளியும் கோடுமாக. தந்தியில் சிரிக்க வேண்டுமானால் நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி. சாப்பாட்டு நேரத்தில் அம்மா அப்பாவைத் திட்டத் தொடங்கினால் நீ தட்டின் விளிம்பில் விரலால் சிரிப்பாய், நான் சொம்பில் சிரிப்பேன். “சோத்துத் தட்டுல தாளம் போடாதீங்க, வூட்டுக்கு ஆவாது” என்பாள் அம்மா. மொரப்பூரில் ரயிலேறி மெட்ராஸுக்கு ரேடியோ லைசன்ஸ் பரீட்சைக்குப் போனதும் ஒன்றாகத்தான். நான் முதல் தடவையே தேறினேன், நீ மறு தடவை. அதை நான் உன்னை ஒருநாளும் மறக்கவிட்டதில்லை.

பிறகு நீ கணக்கு வாத்தியாராக ஜாம்பியாவுக்குக் கப்பலேறினாய். நான் அதியமான்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டேன். சீர்வரிசையில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் டிரான்ஸ்மிட்டரும் இறங்கியதைப் பார்த்த என் மாமியார், பாட்டுப் பெட்டி என்று நினைத்து ஒரு பாட்டு வைக்கச் சொன்னார். கொல்லைத் தென்னைக்கும் கூரை மேல் நட்ட மூங்கிலுக்கும் இடையே கம்பி கட்டினேன். ஞாயிறு ஐந்து மணி என்பது நம் ஏற்பாடு. பெங்களூர் ரோட்டில் லாரி போனால் ரிசீவரில் பட்டாசு வெடிக்கும், அதற்கு நடுவிலும் உன் கையைக் கண்டுபிடித்துவிடுவேன். ஒவ்வொருவரும் மோர்ஸ் அனுப்பும் விதத்தை அவரவர் ‘கை’ என்றுதானே சொல்வோம். கையெழுத்துபோல அது ஆளைக் காட்டிக்கொடுக்கும். உன்னுடையது கோடுகளைக் கொஞ்சம் இழுக்கும், என் பெயர் வரும்போது மட்டும் அவசரப்படும்.

தடுமாறி அனுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ‘கட்டை வண்டி’ என்று பெயர் வைத்து, டயலைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். “எதிராளி முடிக்கறதுக்குள்ள உனக்குப் பதில் வந்துருது. உனக்கு எதுக்கு ரேடியோ?” என்று கடிதத்தில் எழுதுவாய். நிஜந்தான். பொறுமை என்பது நம் வீட்டில் உன் பங்குக்கு மட்டும் வந்த சொத்து.

எழுபதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் ஒரு ஞாயிறு நீ வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. பிறகு கடிதம் வந்தது: இங்கே எதுவும் கேட்கவில்லை, சூரியன் படுத்துவிட்டது, பொறு. வழக்கத்துக்கு மாறாக டைப் அடித்த கடிதம். பள்ளிக்கூடத்தில் வசதி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மற்ற ஆப்பிரிக்கக்காரர்கள் மெலிதாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே தப்பு என் பக்கம் என்று முடிவு செய்தேன். கம்பியை இறக்கித் திசை மாற்றிக் கட்டினேன். வத்தல்மலை மறைக்கிறதோ என்று சந்தேகப்பட்டேன், ஆப்பிரிக்கா அந்தப் பக்கமே இல்லை என்று தெரிந்தும். மாவு மில்காரரிடம் மோட்டாரை ஐந்து மணிக்கு நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போனேன். “உங்க அண்ணன் பதில் சொல்லலேன்னு ஊருக்கே கேப்ப மாவு இல்லேன்னா எப்படிங்க?” என்றார் அவர். என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து என்னை அழைத்துவந்தார். அதற்கடுத்த வருடம் அலைவரிசை நிஜமாகவே செத்துப்போனது. அப்புறம் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வேலையை விட்டுவிட்டு நீ ஊர் திரும்பினாய். அண்ணியோடு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று காபியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். பின்னால் டவராவில் டம்ளர் மோதும் சத்தம். என் காது எந்தச் சத்தத்தையும் எழுத்தாக்கப் பார்க்கும் காது. அதில் ஒரு எழுத்தும் தேறவில்லை. திரும்பி வந்து பார்த்தேன். நீ இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

“எத்தன நாளா?” என்றேன்.

“நாலஞ்சு வருஷமாச்சு.”

“சூரியன் படுத்துருச்சுன்னு எழுதினியே.”

“அது அப்புறந்தான் படுத்துச்சு. மொதல்ல என் கைதான் போச்சு. நீ கூப்புடறது வாராவாரம் கேட்டுச்சு. முழுசாக் கேட்டுட்டு அணைச்சிடுவேன்.”

“கட்டை வண்டின்னு நான் கேலி பண்ணுவேன்னா?”

“நீ கேலி பண்ண மாட்ட. அதான் பயம்.”

அதற்கு நான் கத்திய கத்தலில் அண்ணி கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். ஒரே ஒரு தடவை, எப்படி ஆடினாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பிக் காட்டு என்று அன்றும் கேட்டேன், அதற்குப் பிறகும் வந்தபோதெல்லாம் கேட்டேன். மேசை மேல் மோர்ஸ் தட்டும் கீயை எடுத்து வைத்தால் அதை ஓரமாகத் தள்ளிவிடுவாய். “பக்கத்து ரூமுக்கு எதுக்குடி ரேடியோ? பேண்டு தொறக்கட்டும், வூட்டுல இருந்தே யாரயாவது கூப்புடறேன், நீ ஒட்டுக் கேளு.” பேண்டு திறப்பதற்கு முந்தின மழைக்காலத்தில் போய்விட்டாய். உன் ஆடும் கையை நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் டம்ளர் சத்தம்தான்.

போன ஞாயிறு நடந்து நடந்து கால் வலித்த பிறகு திரும்ப வந்து உட்கார்ந்தேன். நைரோபிக்காரருக்குக் கீழே, இரைச்சலோடு இரைச்சலாக, ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புள்ளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, கோடுகள் நடுவில் உடைந்தன. யாரும் அவருக்குப் பதில் கொடுக்கவில்லை. என் விரல் பழக்கப்படி டயலுக்குப் போனது. ஆனால் திருப்பவில்லை. அவர் கூப்பிட்டு முடிக்கும்வரை இருந்து, பதில் கொடுத்தேன்.

மொரீஷியஸ்காரர். தன் ஊரைச் சொல்லவே அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது, மன்னிக்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் அனுப்பினார். பரவாயில்லை, நன்றாகத்தான் கேட்கிறது என்று அனுப்பத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். நீ பயந்தது இதற்குத்தானே அண்ணா. தப்பு என்பதற்கான எட்டுப் புள்ளியைத் தட்டி அதை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினேன்: உங்கள் கை சுத்தக் கட்டை வண்டி, ஆனால் வண்டி வந்து சேர்கிறது, ஓட்டுங்கள்.

ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன், இரைச்சல்தான் வந்தது. மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் புள்ளிகள் வந்தன. நான்கு வர வேண்டிய இடத்தில் ஐந்தோ ஆறோ விழுந்தன, இரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று. அது சிரிப்புதான். எனக்குத் தெரிந்தது, அண்ணா.