மூடி வைத்த விண்டோவும் மரத்துப்போன வாயும்

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகம், அங்கே நீயும் இருமல் விட்டு, வேளைக்கு ஏதோ ஒன்று சாப்பிட்டு, சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அந்த நினைப்பில் பாதி நம்பிக்கை பாதி பயம், அது என் பிறவிக் குணம், அதை விடு. போனில் பேசாமல் எதற்கு மெயிலில் இவ்வளவு நீளம் என்று கேட்பாய். போனில் உன் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறு எதையாவது சொல்லிவிடுவேன். ஏற்கெனவே அப்படித்தான் ஆயிற்று. உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், உன் வேலை விஷயத்தில். வியாழக்கிழமை கூட்டத்தில் அந்தப் பொய்யை நம்பி நீ எழுந்து பேசிவிடக் கூடாது, அதனால் இதைப் பாதியில் வைத்துவிட்டுப் போகாமல் முழுக்கப் படித்துவிடு.

வீட்டுச் சேதி என்றால், உன் அப்பா அச்சகத்தில் காகிதக் கட்டைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார், இப்போது தேவலை, ஆனால் நான் பார்க்கும்போது மட்டும் நொண்டுகிறார். சின்னவள் உன் கட்டிலை முழுசாகப் பிடித்துக்கொண்டாள், கேட்டால் அக்கா சும்மாத்தானே போட்டு வைத்திருக்கிறாள் என்று நியாயம் பேசுகிறாள், உன் போர்வையை மட்டும் நான் எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டேன். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. போன வாரம் நான் சின்னவளின் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது டீச்சர் என்னைப் பார்த்து நீங்கள்தான் வெளியூரில் வேலை செய்கிற அக்காவா என்று கேட்டுவிட்டார், அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை, நான் மட்டும் கண்ணாடியை இரண்டு தரம் கூடுதலாகப் பார்த்தேன். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதினவள் நான், என்னோடு சேர்ந்து படித்தவள் என்றே உன்னைச் சொல்லலாம், அப்படியிருக்க உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு சுற்றி வளைப்பு என்று தெரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

லீவுக்கு வந்தபோது நீ என் லேப்டாப்பில் உங்கள் கம்பெனி இன்னும் வெளியே விடாத ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சோதனைப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போனாயே, அதுதான். அன்றைக்கு எனக்கு விளங்கும்படி நீ சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. புராசசருக்குள்ளே இருக்கிற கோர்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, சிலது வேகமாக வேலை செய்யும், ஆனால் கரண்டைக் குடிக்கும், சூடாகும், மற்றது நிதானமாகச் செய்யும், சிக்கனம். எந்த வேலையை எதனிடம் கொடுப்பது என்று தீர்மானிக்கிற மேஸ்திரிதான் ஆபரேட்டிங் சிஸ்டம், அந்த மேஸ்திரிக்கு நீ எழுதிக் கொடுத்த முதல் விதி இது என்றாய். மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை வேகமான கோருக்கு, மூடி மறைத்து வைத்த விண்டோவில் நடக்கிற வேலை கொஞ்ச நேரத்தில் நிதானமான கோருக்கு. கேட்கும்போதே நியாயமாக இருந்தது, நானும் அப்படித்தானே, முன் அடுப்பில் அவசரம், பின் அடுப்பில் சிறு தீ. உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது என் மேசையை நினைத்துப் பார். மாடியில் பல் டாக்டர் பல்லைச் சீவி ஸ்கேன் எடுத்து அனுப்புவார், கீழே லேபில் நான் அந்தப் பல்லுக்கு மேலே மாட்டுகிற கேப்பை வரைந்து, கடிக்கும்போது மேல் பல் எங்கே படுகிறது என்று பொருத்தம் பார்க்கிற கணக்கை ஓடவிடுவேன், அது முடிந்தால்தான் கேப்பைக் கடைந்தெடுக்கிற மெஷினுக்குப் போகும். கணக்கு ஓடுகிறபோது எனக்கு அங்கே வேலை இல்லை. என் திரை வாசலைப் பார்த்தபடி இருக்கும், வருகிறவர் போகிறவர் கண்ணில் யாருடைய வாயும் படக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம், அதனால் ஓடவிட்டதும் விண்டோவை மினிமைஸ் பண்ணி மூடிவிடுவேன். இத்தனை வருஷப் பழக்கம், யோசித்துச் செய்வதே இல்லை. நீ போன மறுவாரத்திலிருந்து அந்தக் கணக்கு நத்தையாகிவிட்டது. முதலில் தூசி என்று நினைத்துத் துடைத்தேன். சூடாக இருக்கும், அடியில் காற்றுப் போக வழி பண்ணு என்றார் அப்பா, லேபில் கிடந்த இரண்டு பிளாஸ்டர் தாடை அச்சுகளை அடியில் முட்டுக் கொடுத்து வைத்தேன், லேப்டாப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததே தவிர வேகம் வரவில்லை, தொட்டுப் பார்த்தால் சில்லென்று வேறு இருந்தது. என்ன ஆயிற்று என்று விண்டோவைத் திறந்து பார்த்தால் ஓடும், மூடினால் படுத்துக்கொள்ளும். மெஷின்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இது மொதலாளி வந்தா மட்டும் வேலை செய்யுற நம்ம ஆளுங்க மாதிரியே இருக்கும்மா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேஸ்திரி என் மகள் சொன்னபடிதான் செய்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

புரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நீ போன் பண்ணி எப்படியம்மா இருக்கிறது என்றாய். பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது, ஒரு குறையும் இல்லை என்றேன். பேட்டரி நின்றது நிஜம்தான், அதனால் பாதிப் பொய். உன் குரல் துள்ளியது. வியாழக்கிழமை இதைத்தான் சொல்லப் போகிறேன், ஒரு பல் லேபில் நாள் முழுக்க நிஜ வேலைக்கு ஓடியும் புகாரே இல்லை என்று சொன்னால் அதற்கு அடுத்த நாளே எல்லாருக்கும் அனுப்பச் சம்மதிப்பார்கள் என்றாய். போனை வைத்துவிட்டு, வேலையை நான் சீக்கிரம் போய்த் தொடங்கினால் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன், தினமும் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பூட்டைத் திறக்கவும் ஆரம்பித்தேன்.

போன வெள்ளிக்கிழமை மாடியில் ஒருவருக்கு அன்றைக்கே கேப் போட வேண்டியிருந்தது. ஊசி போட்டு, பல்லைச் சீவி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் கணக்கை ஓடவிட்டுப் பழக்க தோஷத்தில் மூடிவிட்டேன், அந்த நேரம் பார்த்துக் கூரியர்க்காரரோடு ஒரு பார்சல் தகராறு, அதில் கவனம் போய்விட்டது. கேப் மேலே போவதற்குள் அவருக்கு மரத்துப்போன வாய் தெளிந்துவிட்டது, டாக்டர் மறுபடி ஊசி போட்டார். முடிந்து அவர் படியிறங்கி வரும்போது பார்த்தேன், உன் அப்பா வயசுதான் இருக்கும், வாய் ஒரு பக்கம் கோணி, கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் முடியாதே.

சனிக்கிழமை லேப் காலியாக இருந்தபோது ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தேன், படித்த படிப்பு எங்கே போகும். அதே பல், அதே கணக்கு, இரண்டு தரமும் சார்ஜர் மாட்டியே. திறந்து வைத்தால் பதினொரு நிமிஷம், மூடி வைத்தால் முப்பத்தெட்டு. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள். என் லேப்டாப்பிலிருந்து உங்களுக்கு வருகிற அறிக்கையில் அது சூடில்லாமல் சிக்கனமாக ஓடியதாக நல்ல பெயர் வாங்கியிருக்கும், அதை நம்பாதே. நான் மூடி வைத்தது வேண்டாம் என்று இல்லை, நாலு பேர் பார்க்கக் கூடாது என்று. மூடிய விண்டோவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார் என்பது உன் மேஸ்திரிக்குத் தெரிய வழியே இல்லை. அதை எப்படித் தெரியவைப்பது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் வேகமான கோருக்கே தள்ளிவிடாதே, அப்புறம் சும்மா கிடக்கிறதெல்லாம் வந்து ஏறிக்கொண்டு லேப்டாப் அடுப்பாகிவிடும் என்று நீதான் சொன்னாய்.

உன் அப்பாவிடம் நேற்றுத்தான் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டே, “அவ கேட்டது டெஸ்ட்டு, நீ குடுத்தது முத்தம்” என்றார்.

கூட்டத்தில் உன் விதி நிற்குமோ விழுமோ, வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்புவதற்குள் இப்படி ஆயிற்றே என்று யார் என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் நீயே முதலில் எழுந்து சொல்லிவிடு கண்ணு. யாரோ ஒரு லேபில் இருக்கிற பெண் என்று சொல், என் அம்மா என்று சொன்னாலும் எனக்கு வெட்கமில்லை. தேதி தள்ளிப்போனால் போகட்டும். முதலாளி இந்தப் பதிப்பை எடுத்துவிடச் சொன்னார், திரை சுவரைப் பார்க்கும்படி மேசையைத் திருப்பிப் போட்டு விண்டோவைத் திறந்தே வைத்துக்கொள்கிறேன், இனி எந்த வாயும் காத்திருக்காது என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டேன். நீ திருத்தியதை அனுப்பு. நன்றாக இல்லாவிட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், உன் குரல் எவ்வளவு இறங்கினாலும் சரி.

இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத் தலையோடு படுக்காதே, கூட்டத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதே. அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்துச் சொல்கிறோம், நல்லபடியாக இரு, நிமிர்ந்து பேசு, உனக்கு ஒரு குறையும் வராது. அன்றைக்குப் போனில் சொன்னது போல இல்லை, இதை மனசாரச் சொல்கிறேன்.

உன் முதல் புகார்க்காரி,
அம்மா