போர்த்தாத பொன்னாடை

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே, அந்தப் பொன்னாடை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஓரத்துச் சரிகை கொஞ்சம் கறுத்துவிட்டது. மற்றபடி நீ என் கையில் கொடுத்தபடியேதான் இருக்கிறது.

கோயில் கமிட்டிச் செயலாளர் நேற்றுப் போன் செய்தார், அதனால்தான் திறந்து பார்த்தேன். "அக்கா, ஞாயித்துக்கிழமை புதுக் கவுன்சிலர் பாலத்தப் பாக்க வர்றாரு. உங்ககிட்ட ஒரு பொன்னாடை சும்மா கெடக்குதாமே? குடுத்தீங்கன்னா புதுசு வாங்க வேணாம்லா" என்றார். சும்மா கிடக்கிறதாம். நீ இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லுக்கே மனுஷனை வறுத்தெடுத்திருப்பாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. முதலில் உன்னிடம் சொல்லிவிட்டு அப்புறம் அவரிடம் சொல்லலாம் என்றுதான்.

அதை வாங்கி வந்தவளே நான்தானே. தோட்டத்தை விற்றார்கள், ரப்பர் மரங்களைச் சாய்த்தார்கள், லயத்தில் இருந்த நமக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம் வரிசை வீடு கட்டி, தாமான் என்று பெயர் வைத்துத் தந்தார்கள். பாலத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். துரை காலத்தில் ரப்பர் பால் லோரி போவதற்காக இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடித்துப் போட்ட பாலம். நாம் இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் செனாவாங் ஃபேக்டரிக்குப் போகும்போது, பாலம் வந்ததும் நான் இறங்கி நடப்பேன், நீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாய். கனத்த மழை பெய்தால் அதுவும் முடியாது. தோட்டத்தை வாங்கிய கம்பெனியிடம் போனால் கவுன்சிலைக் கேள் என்றார்கள். கவுன்சிலுக்குப் போனால் கம்பெனியைக் கேள் என்றார்கள்.

அதனால்தான் கவுன்சிலரே நேரில் வருகிறார் என்றதும் தாமான் முழுவதும் துள்ளிக் குதித்தது. நான் தெமியாங் கடைத்தெரு வரை போய், கடைக்காரரைப் பத்துப் பொன்னாடை பிரிக்கவைத்து, பச்சையில் சரிகை போட்ட இதைத் தேர்ந்தெடுத்து வந்தேன். வாசலில் கோலம், மண்டபத்தில் லட்டு, முறுக்கு, ஸ்பீக்கரில் நாதஸ்வரம். "இது உங்க பாலம் இல்ல, நம்ம பாலம். செஞ்சிடுவோம்" என்று அவர் மைக்கில் சொன்னதும் கை தட்டினோம். நீ நல்ல பட்டுச் சேலை கட்டியிருந்ததால் பொன்னாடைத் தட்டை உன் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் பழக்கப்பட்ட ஆள், உன்னைப் பார்த்ததுமே கழுத்தைத் தாழ்த்திக் காட்டினார். நீ அசையவில்லை.

"ஐயா, பாலம் முடியட்டும். அன்னிக்கு என் கையாலயே போர்த்தறேன்" என்றாய்.

குனிந்த கழுத்தை எப்போது நிமிர்த்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. போட்டோ எடுக்க வந்தவர் கேமராவைத் தூக்கியபடி நின்றார். மண்டபத்துப் பின்பக்கம் உன்னை இழுத்துப் போய், "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியேடி!" என்று கத்தினேன்.

"மானத்த நான் வாங்கலடி சரசு. பொன்னாடையத்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றாய். லட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "தோட்டத்துல பால் நிறுக்கறதுக்கு முந்தி கிராணி என்னிக்காவது நம்ம அம்மாங்களுக்குக் கூலி எழுதியிருக்கானா? இவருக்கு மட்டும் என்னாத்துக்குடி முன்கூலி?" என்றாய்.

எனக்கு அன்று அது ஏறவில்லை. இரண்டு நாள் உன் மோட்டாரில் ஏறாமல் பஸ்ஸில் போனேன். மூன்றாம் நாள் நீ வீட்டுக்கே வந்து, பத்திரமாக வை என்று பொன்னாடையை என் கையில் கொடுத்தாய். நம் ஆட்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். தீபாவளிக்குத் துரைக்கு மாலை, வேலை வாங்கும் மண்டோருக்கு எலுமிச்சம்பழம். துரைமார் போன பிறகு மைக் பிடிக்கிறவருக்கெல்லாம் பொன்னாடை. நாம் மனம் குளிரச் செய்தால் அவர்களும் ஏதாவது செய்வார்கள் என்று ஒரு நினைப்பு. நடப்பது என்னவோ வேறு. மாலை போட்டவளுக்கு மறுவாரம் போய் ஏன் செய்யவில்லை என்று கேட்க வாய் கூசும். இதைச் சொல்லிப் புரியவைக்க உனக்கு எத்தனை சண்டை தேவைப்பட்டது! கோயில் கமிட்டியில் பாதிப் பேர் உன்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். நீயும் இல்லை என்று சொல்லவில்லை.

"கவுன்சிலர நாம ஓட்டுப் போட்டா கொண்டாந்தோம்? மேல இருந்து போடறாங்க. நாம எப்படிக் கேக்கறது?" என்றார் செயலாளர் ஒருநாள்.

"ஓட்டு நாம போடல, சரி. வீட்டு வரி யாரு கட்டுறா, உங்க மாமனாரா?" என்றாய்.

கவுன்சில் கூட்டத்தைப் பொதுமக்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்று எங்கேயோ விசாரித்து வந்தாய். ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஃபேக்டரி சட்டையோடு ஒரு வேன் பெண்கள் போனோம். என்ன வேலையாக வந்தீர்கள் என்று காவலர் கேட்டார். "தெங்கோக் சாஜா" என்றாய், சும்மா பார்க்கத்தான் என்று. பொதுமக்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் நம்மைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. நாம் பேசக் கூடாது, கேட்கலாம். பூச்செடி பற்றிப் பேசினார்கள். வரவேற்பு வளைவுக்கு என்ன நிறம் என்று வெகுநேரம் பேசினார்கள். பாலம் யார் வாயிலும் வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் கவுன்சிலரை மறித்தாய். கேட்டது ஒரே சொல். "பிலா?" எப்போது? தமிழில் கேட்டால் அக்கா, தங்கச்சி என்று பேசி மழுப்பிவிடுவார், மலாயில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற அதிகாரிக்கும் காதில் விழும் என்பது உன் யோசனை. அடுத்த மாதமும் போனோம், அதற்கடுத்த மாதமும் போனோம். அவர் வேறு படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தார். நீ நம் ஆட்களைப் பிரித்து இரண்டு படிக்கட்டிலும் நிறுத்தினாய். அங்கே உன் பெயர் யாருக்கும் தெரியாது. காவலரில் இருந்து தேநீர் கொண்டு வருகிறவர் வரை 'காக் பிலா' என்றுதான் கூப்பிட்டார்கள். பிலா அக்கா.

கேட்டதற்குப் பலன் வராமல் இல்லை. முதலில் அளக்க வந்தார்கள். பலகையில் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். பாலத்துக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது, இனிக் கல்யாணம்தான் என்று சிரித்தோம். பிறகு ஒருநாள் பாலத்து முனையில் பெரிய வாகனங்கள் ஏறக்கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகை நட்டார்கள். பாலத்தைச் சரிசெய்வதைவிட அது சுலபம் போலிருக்கிறது. நீ அதன் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "இப்ப அவங்களுக்கே தெரியும், இது ஆபத்துன்னு. தெரிஞ்சும் செய்யலன்னா அதுக்குப் பேரு வேற" என்றாய்.

நீ சமையல்கட்டில் விழுந்த அன்று ஆம்புலன்ஸ் அந்தப் பலகையைப் பார்த்து அக்கரையிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. கோயில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உன்னை உட்காரவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். நான் உன் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தேன். அந்த நேரம் மிச்சமாகியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? டாக்டர் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது கமிட்டித் தலைவர் வந்து, "அவங்க ஆசையா வெச்சிருந்த பொன்னாடை, அவங்களுக்கே போர்த்திடுவோம்மா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அழுதுகொண்டே, "வேல முடியல. போர்த்தினா எந்திரிச்சுத் திட்டுவா" என்றேன். சாவு வீட்டில் அப்போது இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். உனக்குப் பிடித்திருக்கும்.

சவ வண்டியும் பாலத்தில் ஏறவில்லை. பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். நம் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நமக்குத் தெருமுனை என்றால் பாலம்தான். அங்கே நின்று பார்த்தேன். பலகைகள் முனக, நீ போனாய். அக்கரையில், வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாக, கையில் மாலையோடு கவுன்சிலர் நின்றார். அந்தப் பலகைகளில் அவர் கால் வைக்கவில்லை.

திரும்பி நட என்றார்கள். என் கால் திரும்பவில்லை. நேராகப் பாலத்தில் ஏறிவிட்டேன். பின்னால் யாரோ, "சரசு, பொம்பளைங்க வரக்கூடாதும்மா" என்று கூப்பிட்டார்கள். அக்கரைக்குப் போய் அவர் எதிரில் நின்றேன். அவர் உன் பெட்டி மேல் மாலையை வைத்து முடிக்கும் வரை பொறுத்திருந்தேன்.

"பிலா?" என்றேன்.

"அம்மா, இந்த நேரத்துல..."

"இந்த நேரத்துலதான்."

பின்னால் பலகைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நம் வேன் பெண்கள் அத்தனை பேரும் பாலத்தில் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவர் பதவியில் இல்லை, வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் சிமெண்டுத் தூண்கள் எழும்பியிருக்கின்றன. தூணுக்கு மேல் ஒன்றும் இல்லை, ஆகாயம்தான். கூட்டத்துக்கு நான் மாதா மாதம் போகிறேன். நீலாயில் காலேஜ் படிக்கிற நம் தாமான் பெண்கள் சிலரும் வருகிறார்கள். என்னைவிட நன்றாக மலாய் பேசுகிறார்கள், என்னைவிட வேகமாகப் படியிறங்குகிறார்கள். போன மாதம் காவலர் என்னைப் பார்த்து, "காக் பிலா, மாரி", வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். உன் பெயர் அது. நான் மறுக்கவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன்னிடம் மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் செயலாளருக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை பொன்னாடையோட வர்றேன், தட்டுலயே கொண்டு வர்றேன். ஆனா போர்த்தறது, ஆம்புலன்ஸ் பாலத்தத் தாண்டி வந்து நம்ம வாசல்ல நிக்கிற அன்னிக்குத்தான்" என்றேன்.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அக்கா, தட்டப் பாத்ததும் அவரு குனிஞ்சிடுவாரே. அப்ப என்னாக்கா பண்ணுவீங்க?"

"நிமிர்ந்து நில்லுங்கன்னு சொல்லுவேன். பாலத்தப் பாக்கணும்ல?"

பொன்னாடையை வெயிலில் கொஞ்சம் உலர்த்தி, அதே மடிப்பில் மடித்துவைத்தேன். பழைய அந்துருண்டை கரைந்து வாசம் மட்டும்தான் மிச்சமிருந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு பாக்கெட் வாங்கி வந்து போட்டிருக்கிறேன். எத்தனை கவுன்சிலர் மாறினாலும் பூச்சி அரிக்காது.