ஈரத்துணிக்குக் கீழே

05.02.2013, செவ்வாய்
சுவிஸ் லுசேர்ணில நான் துப்புரவுக்குப் போற வீட்டுக் கிழவர் ஒரு பிரெஞ்சுச் சிற்பி. பிரெஞ்சில ஐயா எண்டமாதிரி, முசே எண்டுதான் கூப்பிடுவன். பாரிசில படிச்சு, பரிசெடுத்து ரோமுக்குப் போனவராம். ஊரூராய் ஜெனரலுக்கும் பிஷப்புக்கும் சிலை செய்தவர். இப்ப ஆரும் கேக்கிறேல்லை. கடைசியாய் ஒரு முதியோர் இல்லத்துப் பூங்காவுக்கு, பராமரிக்கிற பொம்பிளையின்ரை சிலை ஒண்டு கேட்டிருக்கினமாம். என்ரை முகம் போதுமாம். முன்னுக்கு இருந்தன். "தலை மட்டும்தானே?" சிரிச்சார். ஏன் சிரிச்சவர்?

12.02
களிமண் காயாமல் ஈரத்துணியால மூடியிருக்கு. தூக்கக்கூடாதாம். மூடின சாமான் என்ரை உயரம். தலைக்கு ஏன் அவ்வளவு?

19.02
துணியைத் தூக்கிப் பாத்திட்டன்.
ஐயோ. முகம் நான். கழுத்துக்குக் கீழ நூல்துண்டு இல்லை!
அவர் வீட்டில நான் வேலை உடுப்பு மாத்திற அறைக் கதவில ஓட்டை தேடினன். இல்லை. எண்டாலும் சாவித் துவாரத்துக்குக் கடதாசி அடைச்சன். என்ரை மனுசன் பாலேந்திரன் அறிஞ்சால்? கோயில் பக்கம் தலை காட்டுவாரோ? சுத்தியல் இருக்கிற மேசை லாச்சி எனக்குத் தெரியும்.

26.02
தெரிஞ்ச டொச், அதுதான் ஜெர்மன் பாஷை, முழுக்கக் கொட்டிக் கேட்டன்: "எங்க ஒளிச்சிருந்து பாத்தனீங்கள்?"
கிழவர் கோபிக்கேல்லை. தான் செய்த சிலையளின்ரை அல்பம் எடுத்து வந்தார். பெரிய மீசையோட ஜெனரல், குதிரையில, பிறந்தமேனியாய்! அடுத்த படத்தில அதே ஆள் பதக்கங்களோட. பிஷப்பும் அப்பிடித்தான். முதல் உடம்பு, பிறகு உடுப்பு. அவையின்ரை படிப்பு அதுவாம். உள்ளுக்கு எலும்பு பிழைச்சால் துணி சரியாய் விழாதாம். அறுபது வருசப் பழக்கம், சட்டைக்கு மேலாலயே எலும்பு தெரியுமாம்.
"முசே, குதிரை வெக்கப்படேல்லையோ?"
ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சம். வீட்டை வர, திரும்பச் சந்தேகம்.

05.03
திரும்பத் தூக்கிப் பாத்தன். வயித்தில வெட்டின தழும்பு இல்லை. என்ரை ரெண்டு பிள்ளையளையும் வெட்டித்தான் எடுத்தவை. எலும்பு பாத்த கண், தழும்பைக் கண்டிருந்தால் விட்டிருக்குமோ? அப்ப பாக்கேல்லை.
துணியை நனைச்சு மூடினன். நானே.

16.04
இப்ப சிலைக்குச் சேலை. கொய்யகம், அந்த முன்மடிப்பு, அவருக்கு வரேல்லை. யன்னல் சீலை மாதிரித் தொங்குது. "தள்ளுங்கோ" எண்டு என்ரை பழைய பருத்திச் சேலையை மண்குழம்பில தோய்ச்சு, மடிச்சு, செருகி, நானே உடுத்திவிட்டன். "வயித்தை எக்கடி" எண்டும் சிலைக்கு ஒருக்காச் சொன்னன். முசே வாயைத் திறந்தபடி பாத்துக்கொண்டிருந்தார்.

24.05.2014
வெண்கலமாய் வந்து பூங்காவில நிக்கிறன். முசே சக்கர நாற்காலியில. பாலேந்திரன் என்னைச் சுத்தி — சிலையைச் சுத்தி — ரெண்டு தரம் நடந்தார்.
"கொய்யகம் உன்ரை கைதான்."
"ஓம்."
பிறகு சேலை ஒட்டின இடுப்பைப் பாத்து, மெல்லமாய், "உள்ளுக்கும் நீதானோ?"
பொய் சொல்லியிருக்கலாம். "ஓம், ஆனால் அவர் என்னைப் பாக்கேல்லை" எண்டன்.
பஸ்ஸில ஏறினபிறகு தன்ரை கோட்டைக் கழட்டி என்ரை தோளில போட்டுவிட்டார். வெளியில கொளுத்துற வெயில். வேர்க்க வேர்க்கப் போட்டபடி வீடுமட்டும் வந்தன்.