உன் முழங்காலுக்கு என் முழங்கால்

அன்புள்ள மகன் டினோஜனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், என்னுடைய இரண்டு முழங்கால்களையும் தவிர. அவற்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ரெஜைனாவில் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்க, அம்மா பக்கத்திலிருந்து திருத்தித் திருத்தி, கடைசியில் நீ சாப்பிட்டாயா என்ற கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. அதனால்தான் டோர்வலில் பொதி ஏற்றும் வேலை முடிந்து, விமான நிலையத்துச் சாப்பாட்டு அறையில் இருந்து இதை எழுதுகிறேன். இருந்து எழுதுவதில் பிரச்சினை இல்லை. எழும்புவதுதான் கஷ்டம்.

இங்கே பனி உருகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் தியாகராசா அண்ணை, பெடியன் திரும்ப விளையாடுறானோ என்று நாள் தவறாமல் கேட்கிறார். உன் ஆட்டம் எல்லாம் பார்த்திருக்கிறார், விளையாட்டு இன்னும் விளங்கவில்லை. கோயிலிலும் மகனுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். ஃபுட்போல், ஆனால் உதைபந்து இல்லை, கையில் பந்தோடு ஓடுகிறவனை விழுத்துகிற வேலை என்று சொல்கிறேன். அப்ப இவருக்குப் பந்து குடுக்க மாட்டினமோ என்கிறார்கள். தடுக்கிறவனுக்குக் கொடுப்பதில்லை, அவன்தான் பறிக்க வேண்டும் என்றால், பல்கலைக்கழகம் வரை படித்த பிள்ளை பாவம் என்று ஒரு பார்வை. சென் லோரன்ட் பள்ளிக்கூடத்தில் உன் உயரத்தைப் பார்த்துப் பயிற்சியாளர் உன்னைப் பிடித்துக்கொண்டு போனபோது, இது ஒரு வருசத்தில் அடங்கிவிடும் என்று நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன். பட்டமும் வாங்கி, ரெஜைனா அணித் தெரிவில் உன் பெயரும் வந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, ரெஜைனாவில் தமிழ்க்கடை இருக்கிறதா என்பது. ஆனால் நீ இங்கே வந்து மொன்றியல் அணியிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாயே, அன்று சுற்றியிருந்த சனமெல்லாம் உன்னைப் பார்த்து ஊளையிட, நானும் அம்மாவும் தியாகராசா அண்ணையும் மட்டும் எழும்பி நின்று கைதட்டினோம். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அப்படியொரு சந்தோசம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் நீ விழுந்து எழும்பாமல் கிடந்ததைத் தொலைக்காட்சியில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். எங்களுக்கு ஒரு தரம் பார்த்ததே காணும். அம்மா இருந்த கதிரையிலேயே சூசையப்பருக்கு நேர்ந்துவிட்டார். முழங்கால் சுகமானால், இங்கே மலையில் இருக்கிற அவருடைய கோயிலில், முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே விட்டிருக்கிற நடு மரப்படிகளைப் பிள்ளை ஏறி முடிப்பான் என்பது நேர்த்தி. சுகமாக வேண்டியதும் ஏற வேண்டியதும் ஒரே முழங்கால்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்கிற நேரமும் இல்லை அது. இப்போது உன் வைத்தியர் கால் தேறிவிட்டது, ஆனால் முழங்காலில் நிற்கவே கூடாது என்கிறார். அணியோ பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், முடிவெடுக்க ஏலாமல் இருக்கு என்று நீ சொன்ன நாள் தொடங்கி, அதற்கு முதல் நேர்த்தி செலுத்த வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். பங்குச் சுவாமியிடம் கேட்டோம். கடவுள் இதையெல்லாம் பிடித்துக்கொண்டு இருக்க மாட்டார் என்றார். அவர் சின்னப் பெடியன், அவருக்கு என்ன தெரியும் என்றார் அம்மா. வீட்டில் வேறு யாராவது செலுத்தலாம் என்று முடிவானது. அம்மாவுக்கு இடுப்பு வருத்தம். வேறு யார் இருக்கிறார்கள் என்று நீயே யோசித்துப்பார்.

சனிக்கிழமை போனோம். பொதி ஏற்றும்போது போடுகிற முழங்கால் உறையைக் காற்சட்டைக்குள் போட்டிருந்தேன். காரை விட்டு இறங்கியதும் அம்மா கண்டுபிடித்து, சூசையப்பர் தச்சுவேலை செய்த மனுசன், இந்தக் கள்ளம் அவருக்குத் தெரியாதோ என்று கழற்றிப் பையில் வைத்துவிட்டார். அம்மா பக்கத்துப் படியில் செபமாலையோடு நடந்து வந்தார். படிக்கு ஒரு மன்றாட்டு. நான் எல்லாப் படியிலும் ஒன்றையேதான் கேட்டேன். பிள்ளை இன்னும் ஒரு வருசம் விளையாட வேண்டும், மொன்றியலுக்கு வந்து இன்னொரு தரம் பந்தைப் பறிக்க வேண்டும். பாதியில் கால் மரத்துவிட்டது. மூச்சு வாங்க நின்றபோது, அன்று என்ன கேட்டு நேர்ந்தீர் என்று அம்மாவைக் கேட்டேன். வயசு போனாலும் பிள்ளை பொல்லூன்றாமல் நடக்கவேணும் எண்டு கேட்டனான், விளையாட்டைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை, நீங்களும் கேட்டுத் துலைக்காதேங்கோ என்றார். ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு மனு. சூசையப்பர் எதை எடுப்பார்? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிச்சப் படிகளில் ஒன்றும் கேட்கவில்லை. உன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு ஏறினேன்.

ஆகவே மகன், நேர்த்தி முடிந்தது. இனி உன் தலையில் அம்மாவுடைய நேர்த்தியும் இல்லை, என்னுடைய கைதட்டலும் இல்லை. எங்களுக்காக ஒரு நாளும் விளையாடாதே. உனக்கே ஆசை இருந்தால் போ, வழக்கம்போல இருந்து பார்ப்போம், அம்மா கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். விளையாடினது காணும் என்று நினைத்தால் வீட்டுக்கு வா, உன் அறையில் அரிசி மூட்டைகள் இருக்கின்றன, எடுத்துவிடலாம். எதைச் சொன்னாலும் நான் உன்னை நினைத்துப் பெருமைப்படுவது குறையாது. முகத்துக்கு நேரே சொல்ல வராது, அதனால் எழுதிவிட்டேன்.

சூசையப்பர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுவிடச் சொன்னார், போட்டதாக வைத்துக்கொள். கடைசியாக ஒன்று. கோயிலுக்குள்ளே, சுகமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீ ஊன்றித் திரிந்த இரண்டுக்கும் அம்மா ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார். மறக்காமல் இரண்டையும் அனுப்பிவிடு. சூசையப்பர் கொஞ்ச நாள் பொறுக்கட்டும், முதலில் எனக்கு வேண்டும். உயரத்தை நான் குறைத்துக்கொள்கிறேன்.

உன்மேல் உயிராக இருக்கும்,
அப்பா