மூன்று மணிக்கு நிற்கும் தறி

ஜெசிந்தா,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனமில்லை. சிலுவைப் பாதைக்குப் பந்தல் கட்ட மாதா கோயிலுக்குப் போகிறேன். மாவுக்கட்டுப் போட்ட காலோடு அடுப்படிக்கு நடக்காதே. இட்லி கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

தேர்தல் பேச்சில் பக்கத்து வீட்டு ஆனந்தகுமாரிடம் நான் கத்தியது தப்பு என்று நேற்றெல்லாம் திட்டினாய். நான் சொன்ன கருத்தில் தப்பில்லை, இப்போதும் சொல்வேன். ஆனால் இன்று காலை கதவைத் திறந்தால் அவர் மனைவி இந்திராணி கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிய வெள்ளிக்கு அக்கா வீட்லயே ஃபோன்ல ஜெபம் பாக்கறாங்களாமே, எத்தினி மணிக்குண்ணா? அவுருதான் கேட்டுக்கினு வரச் சொன்னாரு. அந்த நேரத்துக்குத் தறிய நிறுத்திடுவாராம்."

மூன்று மணி என்று சொன்னேன். முகூர்த்தப் புடவை ஒன்று அவசரமாக ஓடிக்கொண்டிருக்கும் தறி அது. ஃபோனில் கட்சிக்காரர்கள் அனுப்புவதைப் படித்தால் நாங்கள் இருவரும் பகையாளிகள். நடுச்சுவருக்கு அந்தச் சேதி இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

மூன்று மணிக்குச் சத்தம் நிற்கும்போது எனக்கும் சேர்த்து ஆண்டவருக்கு நன்றி சொல்.

அமலதாஸ்

பி.கு. கோயிலில் ஊற்றும் கஞ்சியை இரண்டு தூக்கில் வாங்கி வருவேன். ஒன்றை அவர் வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.