கழன்று கிடந்த செயின்

இன்று ஞாயிற்றுக்கிழமை. பீல் நகருக்கு மேலேயுள்ள காட்டுப் பாதையால் உம்முடைய சைக்கிளில் இறங்கி வந்து, வீடுகள் தொடங்கும் இடத்திலுள்ள தண்ணீர்த் தொட்டியடியில் நின்றேன். பின்சில்லின் நடுவிலிருந்து கிறீஸ் கருகும் மணம் வந்தது. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் மறந்து விட்டதுபோல ஒரு மணம். உமக்குத் தெரியும் அது. போன மாரிக்காலம் என்றால் அந்த மணத்துக்கே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். இன்று நின்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். தாளில் விரல் அழுக்குப் பட்டிருக்கிறது, பொறுத்துக்கொள்ளும்.

மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் எத்தனை வருடம் இருந்தோம்! வேலையில் நீர் என்னைவிட வேகம். மார்பில் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து நீர் திரும்பியபோது விரல் நுனிகளில் உணர்வு இல்லை. வலது கை இன்னும் மோசம். இடுக்கியிலிருந்து சின்னச் சக்கரம் நழுவி விழுந்தது தெரியாமல், வெறும் இடுக்கியைக் கொண்டுபோய் வைப்பீர். உம்மைப் பெட்டியில் அடுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அதை நீர் பெரிதாக எடுக்கவில்லை. உம்மை அழவைத்தது சைக்கிள். மலைச் சைக்கிளில் கியர் மாற்றுவது வலது கைப் பெருவிரல். அது அழுத்தியதா இல்லையா என்றே உமக்குத் தெரியவில்லை. வலது கையால் பிடிக்கும் பின் பிரேக்கும் அப்படித்தான்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி சொன்னீர்:

"கியரை முழுக்கக் கழட்டுவம். ஒண்டே ஒண்டு காணும். இந்தக் கை சும்மா பிடிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

"அப்ப பின் பிரேக்?"

"காலாலை பிடிப்பம். பெடலைப் பின்னுக்கு மிதிச்சா நிக்கிற சைக்கிள் இருக்கெல்லோ, கிழவியள் சந்தைக்குக் கொண்டுபோறது."

பழைய சாமான் கடையில் அப்படி ஒரு பெண்கள் சைக்கிளைத் தேடிப் பிடித்தோம். அதன் பின்சில்லின் நடுப்பகுதியை மட்டும் கழற்றி, மலைச் சைக்கிளின் அகன்ற வளையத்தில் புதிதாகக் கம்பி கட்டினோம். உங்கள் கட்டடத்து நிலவறையில், மற்றவர்கள் உடுப்புக் காயப்போடும் அறைக்குப் பக்கத்தில். நான் கம்பிகளை முறுக்க, நீர் சில்லைச் சுழற்றி, எங்கே நெளிகிறது என்று சொல்வீர். பழைய நடுப்பகுதி ஒடுக்கம், சட்டகம் அகலம். இரண்டு பக்கமும் வாஷர் அடுக்கி நிரப்பினோம். முன்னுக்குச் சின்னப் பற்சக்கரம், பின்னுக்குப் பெரியது. முன்சில்லுப் பிரேக் ஏற்கெனவே இடது கையில்தான் இருந்தது.

உம்முடைய கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், படியில் நின்று பார்த்தார்.

"இந்த மலையிலை ஒரு கியரோடையோ? விசர் கதை கதைக்கிறீர்."

"ஏலாட்டி இறங்கி உருட்டுவன். ஆரும் பரிசு தரப்போறாங்களோ?"

என்னைப் பயப்படுத்தியது வேறு. இந்த வகைப் பிரேக் செயினை நம்பியது. செயின் கழன்றால் கால் சும்மா சுற்றும், பின் பிரேக் இல்லை. சில்லோடு வருகிற சின்ன இரும்புக் கை ஒன்றைச் சட்டகத்தோடு ஒரு திருகாணியால் இறுக்கவும் வேண்டும். அந்த ஆணி போனாலும் பிரேக் பிடிக்காது. உமது விரலுக்கு இறுக்கம் தெரியாததால் அந்த வேலை எப்போதும் என்னுடையது.

முதல் நாள் தட்டைப் பாதையில் உமது கால்கள் தையல் மெஷின்போல அடித்தன. ஏற்றத்தில் பாதி உருட்டினீர். இறக்கத்தில் நீர் எனக்கு முன்னால் போக, பின்சில்லிலிருந்து மெல்லிய புகை. நான் கத்தினேன். நிறுத்தி, மணந்து பார்த்துவிட்டு, "சமையல் முடிஞ்சுது, வாரும்" என்றீர். சிகிச்சைக்குப் பிறகு நீர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு போன இலையுதிர் காலம். நான் புதுச் செயின் பூட்டித் தந்து ஒரு கிழமைகூட இல்லை. தனியாகப் போனீர். காட்டுப் பாதையில் உம்மைக் கண்டெடுத்ததாக அண்ணை தொலைபேசியில் சொன்னார். இதயம் நின்றுவிட்டதாம். அந்தப் புற்றுநோய் மருந்துகள் இதயத்தையும் களைக்க வைத்திருந்தன என்று மருத்துவர் சொன்னாராம். நான் நம்பினேன், செத்தவீட்டன்று நிலவறைக்கு நாற்காலி எடுக்கப் போகும்வரை. அங்கே பொலிஸ் கொண்டுவந்து விட்ட உமது சைக்கிள் நின்றது. செயின் கழன்று தொங்கியது. இரும்புக் கை தளர்ந்து கிடந்தது. திருகாணி இல்லை.

நான் யாருக்கும் சொல்லவில்லை. நான் இறுக்கியது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் ஞாபகத்தை நம்ப முடியவில்லை. இதயம் சும்மா நிற்குமா? பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் பறக்கும்போது நின்றிருக்கலாமே? கடைசியாக நீர் பட்ட பயம் என்னுடைய கையால் வந்ததோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. பஸ்ஸிலும் ஒரு தரிப்பு முந்தியே இறங்கி நடந்தேன்.

போன மாதம் அண்ணை அழைத்தார். "தங்கச்சி, ஒருக்கா வாறீங்களோ? அவவை முதலிலை கண்ட மனுசி வந்திருக்கிறா. சைக்கிளைப் பற்றிக் கேக்கிறா, எனக்கு விளங்கேல்லை."

இந்த முறை சரியான தரிப்பிலேயே இறங்கிப் போனேன். மேலே பண்ணை வைத்திருக்கும் பெண், அறுபது வயதிருக்கும். கோப்பியைத் தொடாமல் இருந்தார். சுவிஸ் ஜேர்மனில் மெதுவாகச் சொன்னார். அன்று ஏற்றத்தில் நீர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தீராம். கியர் எங்கே என்று அவர் கேட்க, எல்லாவற்றையும் காட்டி விளக்கினீராம். பிறகு வெட்டவெளியிலுள்ள மர வாங்கில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அதிலேயே ஏரியைப் பார்த்து உட்கார்ந்தீராம். அவர் மாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது நீர் அப்படியே இருந்தீராம். நித்திரை என்று நினைத்துத்தான் கூப்பிட்டாராம்.

"சைக்கிள்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் வந்தனான். பொலிஸ் கார் சின்னன். சைக்கிள் உள்ளுக்குப் போகேல்லை. என்ரை மனுசன் செயினை எடுத்துப்போட்டுப் பின்சில்லைக் கழட்டிக் குடுத்தவர். பிறகு அவங்கள் ஏதோ மாட்டி விட்டிருப்பாங்கள். இது எங்கட சாமான் பெட்டிக்குள்ளை கிடந்தது. மாரி முழுக்க, குடுக்க வேணும், குடுக்க வேணும் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர்."

கைப்பையிலிருந்து அந்த இரும்புக் கையின் திருகாணியை எடுத்து மேசையில் வைத்தார்.

நான் அழுத அழுகையில் அந்த மனுசி பயந்துபோனார். அவர் போன பிறகு அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருகாணியை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் வேறை நினைச்சன், தங்கச்சி. அவவைத் தனிய விட்டது நான்தான். அதாலை கோவிச்சுக்கொண்டு நீங்கள் வாறேல்லை எண்டு."

இரண்டு பேரும் ஒரே பஸ் தரிப்பின் இரண்டு பக்கத்தில் இருந்துகொண்டு மாரி முழுவதையும் இப்படிக் கழித்திருக்கிறோம். "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன். இல்லை என்றார். முட்டை பொரித்துக் கொடுத்தேன். பிறகு நிலவறைக்குப் போய்ச் சில்லை நேராக்கினோம். அவர் லைட் பிடித்தார். சைக்கிளை நீங்களே ஓடுங்கோ என்றார்.

அந்த வாங்கிலும் இன்று கொஞ்ச நேரம் இருந்தேன். ஏரிக்கு அப்பால் பனிமலைகள் தெளிவாகத் தெரிந்தன. நல்ல இடம்தான் பார்த்திருக்கிறீர். நீர் விழவில்லை, களைத்து, இறங்கி, இருந்தீர். ஒருவருக்குச் சைக்கிளைப் பற்றிப் பெருமையாகக் கதைத்துவிட்டு இருந்தீர். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை வருகிறது.

இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது நீர் இல்லாத துயரம் மட்டும்தான். அதைச் சுமக்க என்னால் ஏலும்.