கிண்ணம் அடங்கிய பிறகு

என் பிரியமான தேவகி அண்ணிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் காது எப்படி இருக்கிறது? இப்போதாவது அமைதி கிடைத்ததா? எழுத உட்கார்ந்ததும் இதைத்தான் முதலில் கேட்கத் தோன்றியது. மற்ற விசாரிப்பெல்லாம் அப்புறம்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் அண்ணனும் நானும்தான். தஞ்சோங் பகார் வீட்டைக் காலி செய்துவிட்டு ஈசூனுக்கு வந்துவிட்டோம். அண்ணன் இன்னும் துறைமுகத்தில் கிரேன்தான் ஓட்டுகிறார். எனக்கும் அதே ஹோட்டல், அதே டெலிபோன் போர்டு. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம் அண்ணி. ஆமாம், கடைசியில் நடக்கப் போகிறது! மாப்பிள்ளை பெயர் சேகர். பள்ளியில் கணக்கு வாத்தியார். வீடு கிளமெண்டியில். நீங்கள் இருந்திருந்தால் சேலை எடுக்கவே என்னை நாலு நாள் தேக்கா ஜவுளிக்கடைகளில் அலைய வைத்திருப்பீர்கள்.

ஆனால் கல்யாணச் செய்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் கிண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு.

அந்தச் சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று உங்களுக்கே சரியாகத் தெரியாது. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது, இடது காதில் ‘ஙீ’ என்று ஓர் ஓசை. ஏதோ இயந்திரம் என்று நினைத்தீர்கள். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிய பிறகும் அது நிற்கவில்லை. கிளினிக் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தூக்கம் போதவில்லை என்றார். தூங்கவிடாததே அந்தச் சத்தம்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்களோடு வேலை பார்த்த சீன அக்கா ஒருத்தி உங்களைத் தியான வகுப்புக்கு அழைத்துப் போனாள். திரும்பி வந்து, இந்த ஊர் ‘லா’ போட்டு நீங்கள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

“எல்லாரும் கண்ணை மூடி அமைதியா உக்காந்திருக்காங்க மாலா. எனக்குள்ள மட்டும் கெட்டில் கொதிச்சுக்கிட்டே இருக்கு. சுத்தி அமைதியாக ஆக, அது பெருசாவுது லா.”

அந்தத் தீபாவளிக்குக் குத்துவிளக்கு வாங்க சிராங்கூன் சாலைக்குப் போனோம். பக்கத்துச் சந்தில் காசிம் பாயின் பித்தளைப் பாத்திரக் கடை. ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம். உள்ளே யாருடைய பையோ ஓர் அட்டைப்பெட்டியில் பட்டு, எதுவோ ஒன்று கணீரென்று ஒலித்தது. நீங்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தீர்கள்.

“நின்னுடுச்சு.”

“என்ன அண்ணி?”

“சத்தம். நின்னுடுச்சு மாலா.”

ஒரு மூச்சு நேரம்தான். பிறகு திரும்பி வந்துவிட்டது. குத்துவிளக்கை மறந்துவிட்டு, அந்தப் பெட்டியைக் காட்டச் சொன்னீர்கள். செய்தித்தாளில் சுற்றிய கிண்ணங்கள். பெரிசும் சிறிசுமாக, மங்கிப்போன உலோகம்.

“நீளமா முடி வச்ச வெள்ளக்காரன் ஒருத்தன் காத்மாண்டுலேருந்து தூக்கிட்டு வந்தாம்மா,” என்றார் காசிம் பாய். “ஊருக்குப் போற அவசரத்துல எங்கிட்ட தள்ளிட்டுப் போயிட்டான். திபெத்துச் சாமியாருங்க தியானத்துல வாசிக்கிறதாம் லா.”

வாசிக்கும் விதத்தையும் அவர்தான் காட்டினார். உள்ளங்கையை விரித்து அதன்மேல் கிண்ணத்தை வைக்க வேண்டும். விரலால் பிடித்தால் அதன் தொண்டை அடைத்துக்கொள்ளும். தோல் சுற்றிய கோலால் பக்கவாட்டில் மெல்லத் தட்ட வேண்டும். பிறகு அந்தக் கோலை விளிம்பின் வெளிப்புறம் அழுத்தி, ஒரே சீராக, நிதானமாகச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அவசரப்பட்டால் கோல் துள்ளிக் கடகடவென்று அடிக்கும்.

நீங்கள் ஒவ்வொன்றாகத் தட்டி, ஓசை முழுவதும் அடங்கும்வரை காதைச் சாய்த்துக் கேட்டீர்கள். பெரிய கிண்ணத்தை, “இது வயித்துல கேக்குது, காதுல கேக்கல,” என்று வைத்துவிட்டீர்கள். பளபளப்பான ஒன்று தட்டியதுமே ஓய்ந்துபோனது. இன்னொன்றில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்திருக்க வேண்டும், வண்டு மாதிரி கரகரத்தது. கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்தீர்கள். கறுத்துப்போய், ஒரு பக்கம் லேசாக நெளிந்து, உடம்பெல்லாம் சுத்தியல் தழும்போடு இருந்தது.

“அது வேணாம்மா. அது பாடாது. நானும் எத்தனையோ வாட்டி உரசிப் பாத்துட்டேன்.”

நீங்கள் அதைக் கையில் ஏந்தி உரசினீர்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓர் ஓசை எழுந்தது பாருங்கள், அது கிண்ணத்திலிருந்து வந்த மாதிரியே இல்லை. கடையின் மூலைகளிலிருந்து வந்தது. அலமாரியில் இருந்த செம்புகள் மெல்ல ரீங்கரித்தன. ஒரு குடத்தின் மேல் கை வைத்திருந்த காசிம் பாய் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

உங்கள் கண்ணில் நீர் வழிந்தது. “இதுதான் மாலா. என் காதுல கேக்குற அதே சத்தம். ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து, ரெண்டுமே போயிடுச்சு.”

காசிம் பாய் அதைக் கோலோடு சேர்த்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். பேரம் பேசவில்லை. எப்போதும் சொல்கிற ‘மறுபடி வாங்க’வையும் சொல்லவில்லை.

அதன் பிறகு சில மாதங்கள் நம் வீட்டில் எவ்வளவு சந்தோஷம்! வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து கிண்ணத்தைப் பாட வைப்பீர்கள். அது அடங்கிய பின் கண்ணை மூடி அப்படியே இருப்பீர்கள். முதலில் ஒரு தோசை வேகும் நேரம்தான் அமைதி கிடைத்தது. போகப் போக ஒரு படம் பார்க்கும் நேரம் வரைக்கும் நீடித்தது. நன்றாகத் தூங்கினீர்கள். கன்னத்தில் சதை பிடித்தது. அண்ணன் தினமும் வேலையிலிருந்து வரும்போது எதையாவது தின்ன வாங்கி வந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, நீங்கள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தீர்கள்.

“மாலா, இது அடங்கினதுக்கு அப்புறம் இன்னொரு சத்தம் வருது.”

“என்ன சத்தம்?”

“யாரோ பேச வாயெடுக்கிற மாதிரி. மூச்சை உள்ள இழுக்கிறாங்க. அப்புறம் ஒண்ணுமில்ல.”

“யாரு அண்ணி?”

“பொம்பள. தெரிஞ்ச ஆளு மாதிரியும் இருக்கு. யாருன்னுதான் பிடிபடல.”

நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன். கீழே பஸ் போகிற சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ. வேறொன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நீங்கள் அமைதிக்காக வாசிக்கவில்லை, அந்த மூச்சுக்காக வாசித்தீர்கள். சோறு ஆறிப்போனது. கூப்பிட்டால் கையைக் காட்டி, ‘இரு’ என்பீர்கள். அண்ணன் கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்தார். நீங்கள் சண்டை போடவில்லை. ஆனால் பழைய சத்தம் திரும்பி வந்து, உள்ளங்கையால் காதில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தீர்கள். அண்ணனே அதை இறக்கி உங்கள் கையில் வைத்தார்.

“வச்சுக்க தேவகி. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்.”

பிறகு நடை ஒரு பக்கம் சாய்ந்தது. மாடிப்படியில் விழுந்தீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, காதுக்குப் பின்னால் உள்ளே ஒரு கட்டி வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். சத்தத்துக்குக் காரணம் அதுதானாம். அந்த மூச்சுக்கும் அதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பார்வையாளர் நேரத்தில் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னீர்கள். உங்கள் கை நடுங்கியதால் அண்ணன் வாசித்தார். கிரேன் லீவரைப் பிடித்துப் பழகிய கை. முதலில் கோல் கடகடவென்று துள்ளியது. நீங்கள், “மெதுவா... மெதுவா...” என்றீர்கள். பிறகு பாடியது. அடுத்த கட்டிலில் இருந்த மலாய் அம்மாள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஓசை முழுவதும் அடங்கியது. உங்கள் கண்கள் விரிந்தன.

“பேசிடுச்சு.”

“என்ன சொல்லுச்சு அண்ணி?”

என்னையே பார்த்தீர்கள். “உன் பேருதான். ‘மாலா’ன்னு கூப்பிடுச்சு. மேல ஏதோ சொல்ல வந்துச்சு...”

அதற்குள் தாதி வந்து நேரமாகிவிட்டது என்றாள். மறுநாள் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் கண் திறக்கவே இல்லை.

கிண்ணம் உங்கள் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. வருஷக்கணக்காக யாரும் தொடவில்லை. வீடு மாறியபோதும் சேலைகளோடு சேர்ந்தே வந்தது. போன மாதம் கல்யாணத்துக்கு என் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பச்சைச் சேலை ஒன்றை நீங்கள் எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள் இல்லையா, அதைத் தேடியபோது கிண்ணம் கையில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அண்ணன் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து, நீங்கள் செய்தபடியே உள்ளங்கையில் ஏந்தி, தட்டி, உரசினேன். என்னிடமும் பாடியது. அடங்கும்வரை காத்திருந்தேன்.

அப்போது கேட்டது அண்ணி. ஒரு பெண் மூச்சை உள்ளே இழுப்பது. கன்னத்துக்குப் பக்கத்தில், அவ்வளவு அருகில்.

“மாலா.”

உங்கள் குரல்.

நான் நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு குரல்களோடு வாழ்கிறவள். எனக்குத் தப்பாது. இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஹோட்டலில் நாங்கள் பேசும் முறையைச் சரிபார்க்க எங்கள் குரலை டேப்பில் பதிந்து போட்டுக் காட்டுவார்கள். ‘யார் இது?’ என்று கேட்காதவளே கிடையாது. தன் குரல் தனக்கு அடையாளம் தெரியாது. அதனால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை. நீங்கள் அத்தனை நாள் காதைச் சாய்த்துக் கேட்டது உங்களையேதான்.

நீங்கள் போன பிறகு வரப்போகிற குரல், எப்படி அண்ணி உங்களுக்கே முன்கூட்டியே கேட்கும்?

முகம் தெரியாமல் ஒரு குரல் கூப்பிட்டால் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லுவார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்போது ஹாலிலிருந்து அண்ணன், பழைய வீட்டில் சொல்வது போலவே, சாதாரணமாகச் சொன்னார்.

“மாலா, அண்ணி கூப்பிடுறா பாரு.”

பேப்பர் சரசரப்பு நின்றது. பிறகு அண்ணன் வந்து கதவோரம் நின்றார்.

“நீங்களும் கேட்டீங்களா அண்ணே?”

ஆமாம் என்று தலையசைத்தார்.

“எனக்குக் கல்யாணம்ல, அதான் கூப்பிடுறாங்களோ என்னவோ,” என்றேன். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

“உன்னை இல்ல மாலா.”

“என் பேரைத்தானே சொன்னாங்க.”

“என் பேரை அவ என்னிக்குச் சொல்லியிருக்கா? எனக்கு ஏதாச்சும் சொல்லணும்னா உன்னைத்தானே கூப்பிடுவா. ‘மாலா, உங்க அண்ணனை வரச் சொல்லு’ம்பா. இன்னும் முழுசா சொல்லல, அவ்வளவுதான் லா.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் பயமே இல்லை. சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துப் பயந்த அளவுக்கு, அந்தக் குரலைக் கேட்டபோதுகூட நான் பயப்படவில்லை அண்ணி.

அதற்குப் பிறகு தினமும் வேலையிலிருந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், “வாசிப்பமா?” என்பார். அவரே வாசிப்பார். அடங்கியதும் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பார். குரல் வரவில்லை. இருந்தாலும் காத்திருப்பார். அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் தனியாகப் பேசினார். கிரேன் மேலே உட்கார்ந்திருக்கும்போதும் அண்ணன் எதையோ கேட்பது போலச் சாய்ந்திருக்கிறாராம். ஒரு நாள் கீழே ஆள் நிற்பது தெரியாமல் கப்பல் சரக்குப் பெட்டகத்தை இறக்கப் பார்த்தாராம். எல்லோரும் கத்திய கத்தலில் நிறுத்தினாராம்.

அன்றைக்கே கோலை எடுத்து என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

“கிண்ணம் உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணே. கோல் எங்கூட கிளமெண்டிக்கு வருது. ஞாயித்துக்கிழமை நான் வரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம். மத்த நாள் வேணாம்.”

“அகப்பைக் காம்பாலயும் உரசலாம் லா.”

“உரசலாம். ஆனா நீங்க உரச மாட்டீங்க.”

நான் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“நிச்சயமா வருவியா?”

“ஒரே ரயிலு அண்ணே. மாறக்கூடத் தேவையில்ல.”

சரி என்று சொல்லவில்லை. ஆனால் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து, சோறு போடச் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை கிண்ணத்தைத் தொடவில்லை. நேற்று சேகரின் வீட்டாரிடம் கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் உங்களுக்கு எழுதும் தைரியம் வந்தது.

அண்ணி, நீங்கள் அங்கே தனியாக இருக்கிறீர்களா? அதனால்தான் கூப்பிடுகிறீர்களா? உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவருக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. என் பிள்ளைகளை அவர் தூக்க வேண்டாமா?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். ஞாயிறுதோறும் வருவேன், வாசிப்பேன். நீங்கள் கூப்பிட்டால் இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். ‘சொல்லுங்க அண்ணி’ என்பேன். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அண்ணனை வரச் சொல்லு என்று மட்டும் சொன்னால், அதை அவரிடம் போய்ச் சொல்ல மாட்டேன். ‘இப்ப வர முடியாது அண்ணி, அண்ணனுக்கு இங்க வேலை இருக்கு’ என்று நானே பதில் சொல்லிவிடுவேன். எத்தனை வருஷம் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன்.

உங்கள் பேச்சை ஒரு நாளும் தட்டாத,
இந்த ஒன்றில் மட்டும் தட்டப் போகிற,
உங்கள் நாத்தனார்
மாலா